முத்துக்குப் பெயர் இல்லை

பழம்பெரும் நகரங்களின் இடிபாடுகளைக் காண வேண்டுமானால் உரோமாபுரிக்குப் போக வேண்டும், ஏதென்சுக்குப் போக வேண்டும், அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பயணக் கட்டுரைகளில் நாம் படிப்பதும் அதைத்தான். மத்தியதரைக் கடலோரம் உடைந்த தூண்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வது, மாலையில் கடற்கரைக் கடையில் அமர்ந்து அந்த ஊர் மீனையும் ஒலிவ எண்ணெயில் தோய்த்த ரொட்டியையும் சுவைப்பது, மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். கொடுத்து வைத்தவர்கள்! நமக்கு வாய்த்தவை அரசுப் பேருந்தும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்த மத்தியதரைக் கடல் நாட்டவர் ஆசைப்பட்டது எதற்கு? நம் கரையின் முத்துக்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதி வைத்த ‘எரித்திரியக் கடற் பயணம்’ என்னும் குறிப்பில் குமரிக்கு அப்பால் ‘கொல்கி’ என்ற ஊர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலிலும் அதே ஊர் வருகிறது. அந்தக் கொல்கி நம்முடைய கொற்கைதான். உரோமாபுரியின் சீமாட்டிகள் கழுத்தில் கிடந்ததைத் தேடி நாம் உரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. அது புறப்பட்ட துறை தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.

இதை வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டு நாங்கள் நால்வர் புறப்பட்டோம். வேதியியல் மாணவனாகிய நான், விலங்கியல் படிக்கும் ஒருவன், வரலாறு படிக்கும் ஒருவன், தமிழ் படிக்கும் ஒருவன். தமிழ் நண்பனுக்குச் சொந்த ஊர் கொற்கையை அடுத்த உமரிக்காடு. ஆகவே மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. பழைய இடங்களைப் பார்ப்பது, வழியில் அந்தந்த ஊரில் கிடைப்பதைச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. தூத்துக்குடியில் ஆளுக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திருச்செந்தூர் சாலைப் பேருந்தில் ஏறினோம்.

பழையகாயல்

உப்பளங்களைக் கடந்து செல்லும் அந்தச் சாலையில் முதலில் இறங்கியது பழையகாயலில். பார்ப்பதற்கு மற்ற சிற்றூர்களைப் போன்ற ஊர்தான். இந்த ஊரின் கரையில்தான் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கி.பி. 1290களில் வந்து இறங்கினார் என்று கால்டுவெல் முதலிய அறிஞர்கள் கண்டு கூறியிருக்கிறார்கள். அவர் ‘கயில்’ என்று எழுதிய துறைமுகம் இதுவே. அரபு நாட்டுத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலங்கள் இங்கே நின்றன. இன்று கடல் சற்று எட்டப் போய்விட்டது.

மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பற்றி எழுதியதில் என்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, முத்துக்குளிப்புக் கணக்கு. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. கடலில் சுறா நெருங்காதபடி மந்திரம் ஓதிக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மற்றொன்று, சாப்பாட்டுச் செய்தி. இந்நாட்டார் வலக் கையால் மட்டுமே உண்பார்கள், தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் உயர்த்திப் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்வார்கள், எந்நேரமும் வெற்றிலை மெல்லுவார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார்.

பழையகாயலில் ஒரு தேநீர்க் கடையில் தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் ஒரு செம்பை நீட்டினார். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அண்ணாந்து குடித்தோம். வரலாற்று நண்பன் சிரித்துவிட்டான். ‘ஏலே, எழுநூறு வருசத்துக்கு முன்னால அந்த ஆளு நம்மளைத்தாம்ல பார்த்து எழுதியிருக்கான்’ என்றான். துறைமுகம் போய்விட்டது, மரக்கலங்கள் போய்விட்டன, அரசனும் போய்விட்டான். செம்பைத் தூக்கிப் பிடிக்கும் கை மட்டும் அப்படியே இருக்கிறது. இடிபாடுகளைத் தேடிப் போன எங்களுக்கு அன்று முதலில் கிடைத்த பழம்பொருள் அதுதான்.

கொற்கை

அடுத்து முக்காணி. சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம். பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது ஓலை வாசனையும் சுண்ணாம்பின் மெல்லிய காரமும் சேர்ந்து வரும். இந்தச் சுண்ணாம்புதான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பது என்பதை ஆய்வுக்கூடத்தில் படித்ததைவிட அங்கே தெளிவாகப் புரிந்துகொண்டேன். முக்காணியிலிருந்து ஏரல் சாலையில் திரும்பி, வாழைத் தோட்டங்களுக்கு இடையே சென்றால் கொற்கை.

‘எங்கடா கொற்கை?’ என்று கேட்டான் விலங்கியல் நண்பன். கேட்டது நியாயம்தான். தூண் இல்லை, மண்டபம் இல்லை, கோட்டைச் சுவர் இல்லை. வயலும் வாழையும் குளமும் நூறு வீடுகளும் உள்ள ஊர். கடலையும் காணோம். பாண்டியரின் பெருந்துறையாக இருந்த இவ்வூருக்கும் இன்றைய கடலுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர் தொலைவு. காரணம் தாமிரபரணி. மலையிலிருந்து அது சுமந்து வந்த மண் முகத்துவாரத்தில் படியப் படியக் கடல் பின்வாங்கிற்று. கப்பல் நுழைய வழியில்லாமல் போனதும் கொற்கையின் வாழ்வு காயலுக்குப் போயிற்று. காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் போயிற்று. போரில் அழிந்த நகரங்கள் உலகில் பல உண்டு. கொற்கையை எவரும் எரிக்கவில்லை, இடிக்கவில்லை. தன்னை வளர்த்த ஆறே மெல்ல மெல்ல மூடிவிட்ட நகரம் அது.

ஊருக்குள் விசாரித்துக்கொண்டு நடந்தோம். ஒரு பெரிய வன்னி மரத்தைக் காட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டு மரம் என்பது ஊராரின் நம்பிக்கை. அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். காசு அடித்த இடத்தின் பெயர் கடவுளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெற்றிவேலம்மன் கோயிலும் உண்டு. கண்ணகியின் சினம் தணிக்கக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகச் சிலப்பதிகாரம் கூறும் செய்தியை, அந்தக் கோயிலின் நிழலில் நின்று தமிழ் நண்பன் எங்களுக்கு எடுத்துச் சொன்னான்.

தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1968-69இல் இங்கே அகழ்ந்தபோது தாழிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டன. அங்கே எடுத்த கரித்துண்டைக் கதிரியக்க முறையில் ஆராய்ந்து கி.மு. 785 என்று காலம் கணித்தார்கள். 2021இல் மீண்டும் தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் கிடைத்தது. இவையெல்லாம் வயலுக்குக் கீழே இருந்தவை. மேலே நடப்பவனுக்குத் தெரிவது சிப்பியும் சங்கின் துண்டுகளும்தான். ஒரு வரப்போரம் குனிந்து ஓர் உடைந்த சிப்பியைத் தொட்டுப் பார்த்தேன். கடல் இல்லாத ஊரில் கடலின் சாட்சி!

முத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேதியியல் கண்ணால் பார்த்தால் முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. முட்டை ஓடும் அதுவே, சுண்ணாம்புக் கல்லும் அதுவே. சிப்பியின் மெல்லிய உடலுக்குள் நுழைந்துவிட்ட ஏதோ ஒன்றைச் சுற்றி, அது தன் உடலிலிருந்து சுரக்கும் பொருளைப் படலம் படலமாகப் பூசிக்கொண்டே போகிறது. அந்தப் படலங்களில் ஒளி பட்டுச் சிதறும்போது நாம் காண்பதே முத்தின் ஒளி. கிளியோபாத்திரா ஒரு பெருமுத்தைக் காடியில் கரைத்துக் குடித்ததாகப் பிளினி என்னும் உரோமானிய அறிஞர் எழுதியுள்ளார். கால்சியம் கார்பனேட்டு காடியில் கரையும் என்பது உண்மை. ஆனால் முழு முத்து உடனே கரையாது, நேரம் பிடிக்கும். அரசி பொறுமையாகக் காத்திருந்தாள் போலும்!

அதே பிளினி வேறொன்றும் எழுதினார். காலிகுலா மன்னனுக்கு மனைவியாக இருந்த லோல்லியா பௌலினா என்பவள் ஒரு சாதாரண விருந்துக்கு 4 கோடி செசுடர்சு பெறுமான மரகதமும் முத்தும் அணிந்து வந்தாளாம். தலையில், கூந்தலில், காதில், கழுத்தில், விரலில் எங்கும் அவையே. யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவற்றின் விலைச் சீட்டுகளையும் ஆயத்தமாக வைத்திருந்தாளாம். இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் 10 கோடி செசுடர்சைத் தம் பேரரசிலிருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று அவர் வருந்தியதும் இந்த ஆடம்பரத்தைக் கண்டுதான்.

ஆக, அணிந்தவளின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவள் அணிந்த நகையின் விலை தெரிகிறது. நொந்துகொண்டவரின் பெயரும் தெரிகிறது. கடலுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியவன் யார்? அவனைப் பற்றி அந்தக் கிரேக்க வணிகர் எழுதியிருப்பது ஒரே ஒரு செய்தி: கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

இதை வரலாற்று நண்பன் சொன்னபோது நான் பேசாமல் நின்றேன். என் தாத்தா முத்துக் குளித்தவர்.

உமரிக்காட்டுச் சாப்பாடு

பசி வந்ததும் வரலாறு பின்னுக்குப் போயிற்று. உமரிக்காட்டில் நண்பனின் பெரியம்மா வீட்டில் இலை போட்டார்கள். சோறு, தேங்காய் அரைத்துப் புளி கரைத்து விட்ட சாளை மீன் குழம்பு, நெத்திலிக் கருவாட்டுப் பொரியல், வாழைக்காய்க் கூட்டு. மண்சட்டியில் கொதித்த குழம்புக்கு உள்ள ருசி வேறு எதற்கு உண்டு? ‘கூச்சப்படாம சாப்பிடுங்க மக்கா, இன்னும் ரெண்டு துண்டம் போட்டுக்கிடுங்க’ என்று பெரியம்மா இலையை விட்டு நகரவே இல்லை.

கருவாட்டைக் கண்டதும் வரலாற்று நண்பனுக்கு மறுபடியும் உரோமாபுரி நினைவு வந்துவிட்டது. உரோமானியர்கள் மீனை உப்பிட்டு நாட்கணக்கில் வெயிலில் ஊறவிட்டு, அதிலிருந்து வடியும் சாற்றைக் ‘காரும்’ என்ற பெயரில் எல்லாக் கறியிலும் ஊற்றிக்கொள்வார்களாம். அந்தச் சாறு வந்த சாடிகளின் துண்டுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. திராட்சை மது வந்த சாடிகளும் ஒலிவ எண்ணெய் வந்த சாடிகளும் அங்கே உண்டு. அப்படியானால் நம் கருவாட்டுக்கு மத்தியதரைக் கடலில் ஓர் உறவு இருந்திருக்கிறது. நம் மூதாதையர் அதை முகர்ந்து பார்த்து என்ன சொல்லியிருப்பார்களோ!

சோறு முடியும் நேரத்தில் பெரியம்மா அடுக்களைப் பக்கம் திரும்பி, ‘ஏட்டி, அந்த ஒறியில இருந்து மோர்ப் பானையை எடுத்துட்டு வா’ என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். வரலாற்று நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ‘பெரியம்மா, என்ன சொன்னீங்க?’ ‘ஒறி தம்பி. பூனை வாய வைக்காம மோரைத் தூக்கி வைக்கிறது.’ உத்தரத்திலிருந்து தேங்காய் நார்க் கயிற்றில் பின்னிய உறி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மண்பானை. தமிழ் நண்பன் தன் பெரியம்மாவைத் திருத்தப் போனான்: ‘ஒறி இல்ல பெரியம்மா, உறி.’

‘திருத்தாதே’ என்றான் வரலாற்று நண்பன். அவன் சொன்ன செய்தி இது. எகிப்தில் செங்கடற் கரையில் குசேர் அல்-காதிம் என்ற இடம் இருக்கிறது. பண்டைக் காலத்தில் அதன் பெயர் மியோசு ஓர்மோசு. அங்கிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக இசுத்திராபோ என்னும் கிரேக்க அறிஞர் எழுதியிருக்கிறார். அந்தத் துறையை அகழ்ந்தபோது தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் கணன், சாதன் என ஆட்பெயர்கள். ஒரு பெரிய சாடியின் ஓட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருந்ததை 2007இல் ஐராவதம் மகாதேவன் படித்து வெளியிட்டார். அதில் இருந்த சொற்கள்: ‘பானை ஒறி’. உறியில் தொங்கும் பானை என்பது பொருள். உகரம் இல்லை, ஒகரம்தான். பெரியம்மா சொன்னது போலவே.

சாப்பிட்ட கையோடு நால்வரும் அந்த உறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கடல் கடந்து போன ஒரு தமிழன், புலவனுமல்லன் வேந்தனுமல்லன், தன் சமையல் பாத்திரத்தின் மேல் அது இன்னது என்று எழுதி வைத்தான். பிறருடைய பானையோடு கலந்துவிடக் கூடாது என்று எண்ணினானோ என்னவோ! நாடாண்டவர்களின் கல்வெட்டுகளை நாம் படிக்கிறோம். அவனோ மோருக்கோ நீருக்கோ வைத்திருந்த பானையின் மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் ஓசை அவர் வாயில் இருக்கிறது. ‘எகிப்திலயும் ஒறியா? அங்கயும் பூனை உண்டோ?’ என்று அவர் கேட்ட கேள்விக்குப் பூனையைத் தெய்வமாகக் கும்பிட்ட நாடு பெரியம்மா அது என்று நண்பன் பதில் சொல்ல, வீடே சிரித்தது.

ஆதிச்சநல்லூர்

ஏரல் வழியாகத் திருவைகுண்டம் சென்று, ஆற்றைக் கடந்து ஆதிச்சநல்லூர் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. 114 ஏக்கர் பரந்த அந்தப் பரம்பு முழுவதும் இறந்தோரை அடக்கம் செய்த இடம். 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்பவர் தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து, பொன்னாலான நெற்றிப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் எனப் பல நூறு பொருள்களை வெளிக்கொணர்ந்தார். 2004-05இலும் 2021 முதலும் மறுபடி அகழ்வுகள் நடந்தன. 2023இல் தோண்டிய இடத்திலேயே காட்சிக்கூடம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நாம் கண்ணாடி மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி.

பொன்னும் வெண்கலமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரீ எழுதிய குறிப்பில், தாழிகளுக்குள் இருந்த சிறு பானைகள் பலவற்றில் நெல்லுமியும் தினை வகை உமியும் இருந்தன என்று வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். மூவாயிரத்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று! இறந்து போனவனுக்கு வழியில் பசிக்குமே என்று யாரோ ஒரு தாயோ மனைவியோ ஒரு பானையில் நெல்லை அள்ளி வைத்திருக்கிறார்கள். மதியம் பெரியம்மா ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் வைத்ததற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தோன்றவில்லை. மண்ணுக்குள் போனவனையும் பசியோடு அனுப்பாத ஊர் இது.

தூத்துக்குடியில் மாலை

இருட்டும் வேளையில் தூத்துக்குடி திரும்பினோம். இங்கே ஒரு பழஞ்சின்னத்தைப் பார்க்கக் கண்ணாடித் தளம் வேண்டாம். பேக்கரிக்குப் போனால் போதும். நம் ஊர் மக்ரூனைச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இவ்வளவுதான் கூட்டு. சுருள் சுருளாகக் கூம்பு போல் நிற்கும். நாவில் வைத்தால் நிற்காது. போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். முந்திரி மரமே அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டு வந்ததுதான். மதியம் சாப்பிட்ட மீன் குழம்புக்குச் சிவப்பைத் தந்த மிளகாயும் அவர்கள் காலத்தில் கடல் கடந்து வந்ததே. கி.பி. 1530களில் இந்தக் கரைக்கு அவர்கள் வந்ததும் முத்தைக் கருதித்தான். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் முத்துச் சலாபத்துக்குக் கணக்கு எழுதினார்கள். போனபோது முத்தை எடுத்துப் போனார்கள். மிளகாயும் மக்ரூனும் நம்மிடம் தங்கிவிட்டன. இந்தப் பண்டமாற்றில் யாருக்கு ஆதாயம் என்று நண்பர்களிடம் கேட்டேன். பொட்டலத்தில் கடைசி மக்ரூனை எடுத்துக்கொண்டிருந்த விலங்கியல் நண்பன், ‘நமக்குத்தான்’ என்றான்.

தாத்தா சொன்னது

இரவு வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடம் அந்தக் கிரேக்க வணிகர் எழுதியதைச் சொன்னேன். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அப்போது தாத்தாவுக்கு வயது இருபது. எனக்கு இன்று அதே வயது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு விளையாததால் சலாபம் கூடவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தக் கரையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். ஆனால் தாத்தாவைப் போல் கல்லைக் காலில் மாட்டிக் கடலில் இறங்கியவர்களின் காலம் 1961ஓடு முடிந்தது. அவர் அதற்குப் பின் சங்கு குளிக்கப் போனார்.

‘குத்தவாளியா? நாங்களா?’ என்று தாத்தா சற்று நேரம் யோசித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ‘அந்த ஆளு வள்ளத்துல ஏறிப் பார்க்கலைல. கரையில நின்னு யாரையோ கேட்டு எழுதியிருப்பான்’ என்றார். பிறகு, கேட்காமலே, இதுவரை என்னிடம் சொல்லாததை எல்லாம் சொன்னார். எட்டுப் பாகம் ஆழம். காதுக்குள் ஊசி குத்துவது போல வலிக்கும். கல் அடியில் உட்கார்ந்ததும் கையில் அகப்பட்ட சிப்பியை எல்லாம் வலைப்பைக்குள் அள்ள வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை இழுக்க வேண்டும். மேலே இருப்பவன் அந்த நொடியே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை எவன் கையிலும் கொடுப்பதில்லை, மச்சான் கையில்தான் கொடுப்பது. தன் உடன்பிறந்தவள் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான். கரையில் சிப்பியைக் குவித்துச் சர்க்கார் பங்கு போக மிஞ்சியது குளித்தவனுக்கு. அதில் முத்து இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

‘ஒரு நல்ல முத்தாவது கழுத்துல போட்டுப் பார்த்தீங்களா தாத்தா?’ என்று கேட்டேன். ‘முத்த கழுத்துல போடுறவன் எவனாவது கடலுக்குள்ள இறங்குவானாலே?’ என்றார்.

தாத்தா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். அப்பாவும் கல்லூரியைக் கண்டவர் அல்லர். எங்கள் வீட்டில் பேனாவை எடுத்து நாலு பக்கம் எழுதக்கூடியவன் இன்று நான் ஒருவன்தான். ஆகவே, ‘நம்ம கல்லூரி மலர்ல இதையெல்லாம் எழுதப் போறேன் தாத்தா, உங்க பேரைப் போட்டு எழுதறேன்’ என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ‘எங்க வள்ளத்துல பத்துப் பேரு குளிச்சோம். என் பேர மட்டும் போட்டா மத்தவன் பேர எங்கல போடுவே?’

அதனால் இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பத்துப் பேரின் பெயரையும், கயிறு பிடித்த மச்சான்மார் பெயரையும், அவர்கள் இறங்கிய பாரின் பெயரையும் தாத்தா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இரண்டு பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. காலையில் எழுந்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. மற்றொன்று இன்னும் வரவில்லை. அந்தப் பத்துப் பேரில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் தாத்தாவும் இன்னொருவரும்தான். அந்த இன்னொருவரைத் தேடி வரும் ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலுக்குப் போகிறேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருப்பார். அவர் உப்பளத்தில் உழைத்தவராக இருக்கலாம், பனை ஏறியவராக இருக்கலாம், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியவராக இருக்கலாம். கிரேக்க வணிகர் வந்து எழுதுவார் என்று காத்திருந்தால் அவர் கரையில் நின்று கேட்டதைத்தான் எழுதுவார். அந்தப் பழந்தமிழன் தன் பானையின் மேல் தானே எழுதினான். நாமும் எழுதத் தெரிந்தவர்கள்தானே?

அடுத்த முறை கொற்கைக்குப் போக விரும்புவோர் எங்களோடு வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும் சரி என்று உமரிக்காட்டுப் பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.